மதினியின் கைப்பிடி அரிசி

அந்தப் பால் பவுடர் டப்பாவின் நடுவில் ஒரு நசுங்கல் இருக்கிறது. என்னால் வந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, தினமும் அளந்த அரிசியைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளி அதில் போடுவாள். ஞாயிறன்று வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டிவிட்டு வருவாள். எங்கள் சபைப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மதினி போடும்போது அவள் முகத்தில் ஒரு கலக்கம் இருக்கும். ஒருநாள் மறந்துபோனாள், அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு அவள் மறந்ததே இல்லை.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கலவரம் மூண்டபோது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணமாகாத தங்கையாக அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் அன்று காலையில்தான் விற்பதற்கான பேண்டேஜ் துணிக் கட்டுகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான். மத்தியானத்துக்குள் கடைகளைச் சாத்திவிட்டார்கள், பஸ் நின்றுவிட்டது, ஊரடங்கு என்று போலீஸ் ஜீப் சொல்லிக்கொண்டே போனது. அண்ணன் வரவில்லை.

அன்றாடம் அரிசி வாங்கிப் பொங்கும் வீடு அது. இருந்த அரிசி அன்று ராத்திரியோடு தீர்ந்தது. அக்கம்பக்கத்திலும் எங்கள் நிலைமைதான். மூன்றாம் நாள், அண்ணனின் மூன்று வயது மகள் அழவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். அலமாரியில் முக்கால் டப்பா அரிசி இருந்தது.

“பொங்கிருவோம் மதினி.”

“ஏட்டி, அதத் தொடாத. ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சது. தொட்டா ஒங்கண்ணன் திரும்பி வரமாட்டாவ.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிள்ளை பசியில் கிடக்கும்போது அரிசியை எண்ணிக்கொண்டிருக்கும் ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று கத்தினேன். டப்பாவைப் பறித்தேன். அவள் விடவில்லை. இருவர் கையிலிருந்தும் நழுவி அம்மியில் மோதி விழுந்தது. அரிசி தரையெல்லாம் சிதறியது. “போச்சே, எல்லாம் போச்சே” என்று மதினி தலையில் அடித்துக்கொண்டாள். நான் பொறுக்கியெடுத்துக் கஞ்சி காய்ச்சினேன். மதினி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வீம்புக்குத்தான் காய்ச்சினேன். ஆனால் பிள்ளைக்கு ஊட்டிய ஒவ்வொரு கரண்டிக்கும் அண்ணனை நானே கொல்வதுபோல் இருந்தது.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அண்ணன் கிடந்தான். யாரோ எறிந்த கல் நெற்றியில் பட்டிருந்தது. நான் மதினியின் காலில் விழுந்தேன். “நாந்தான் மதினி கொன்னுட்டேன்” என்று கதறினேன். போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “மொத நாள் மத்தியானமே முடிஞ்சு போச்சும்மா. யாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றார்.

முதல் நாள் மத்தியானம். அப்போது டப்பாவை யாரும் தொட்டிருக்கவில்லை.

மதினி என்னைத் தூக்கி நிறுத்தினாள். அண்ணனின் நெற்றியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவிய போன பொறவு, பச்சப்பிள்ளயப் பட்டினி போட்டு நான் பேரம் பேசியிருக்கேன் ஏட்டி. ஒரு பிடி அரிசிக்குக் கோவிச்சு உசுர எடுக்குறவரா ஆண்டவரு? அவர எம்புட்டு மோசமா நெனச்சுட்டேன்.” அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

அந்த டப்பா கண்ணில் பட வேண்டாம் என்று நான் பரணில் ஒளித்துவைத்தேன். அடக்கம் முடிந்து, வீட்டில் மறுபடி உலை வைத்த அன்று மதினி அதைத் தேடி எடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இன்னுமா மதினி?” என்றேன்.

“இத்தன நாளும் பயந்துக்கிட்டுப் போட்டேன். இனிமேதான் கொடுக்கப் போறேன்” என்றாள். முகத்தில் அந்தக் கலக்கம் இல்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொடுத்த பிறகு நாங்கள் இருவர்தான். மதினிக்கு வயதாகிவிட்டது. இப்போதெல்லாம் சில நாள் அரிசி போட மறந்துவிடுகிறாள். “நேத்தும் மறந்துட்டேன் போல ஏட்டி” என்று சொல்லிச் சிரிக்கிறாள். அன்று நடுங்கிய மதினியா இவள் என்றிருக்கும் எனக்கு.

ஆண்டவரே வேண்டாம் என்று கத்திய எனக்குத்தான் பயம் இன்னும் போகவில்லை. அவள் மறக்கிற நாட்களில், அவளுக்குத் தெரியாமல், அந்த நசுங்கிய டப்பாவில் ஒரு பிடியை நான் போட்டுவிடுகிறேன்.