தங்கூசியில் ஒட்டிய தெள்ளு

தொண்ணூறுகளின் கடைசியில்தான் அந்தத் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி ஒன்ராறியோ ஏரிக்குள் வந்து சேர்ந்தது. எங்கேயோ தூரதேசத்திலிருந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்ததென்று தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் பிறகு சொன்னார். அந்த ஆவணிக் காலையில் எனக்கோ அத்தானுக்கோ அது என்னவென்றே தெரியாது.

அத்தான், என் அக்காவின் புருசன். ஏரிக்கரை ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிப் போனபோது என்னையும் கூட்டிப்போய் பேஸ்மென்றில் இருக்கவிட்டார்கள். அவரிடம் பழைய அலுமினியப் படகு ஒன்று இருந்தது. கோடையில் சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் விடியவே சமன் மீன் பிடிக்க ஏரிக்குப் போவோம். அவர் மீனைக் கொல்லும் விதம்தான் எனக்குப் பிடிக்காது. ஒரு அடியில் சாகிற மீனை மரப் பொல்லால் அடித்துக்கொண்டே இருப்பார். செதில் பறக்கும். செத்த பிறகும் அடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருப்பேன்.

அன்றைக்கு இரும்புக் குண்டு கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கிவிட்டுப் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஒன்றும் கொத்தவில்லை. தூண்டிலை இழுத்துப் பார்த்தபோது தங்கூசி நூல் முழுக்க நனைந்த பஞ்சு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. பஞ்சுக்குள் கடுகிலும் சிறிய கறுப்புப் புள்ளிகள். கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் மயிர்போல நீண்ட வால், வால் நுனியில் கொளுக்கி. வழித்தெடுத்தால் விரலில் ஒட்டியது. மற்றத் தூண்டிலும் அப்படியே. அத்தான் தூஷணத்தால் ஏசிக்கொண்டு கையைக் காற்சட்டையில் தேய்த்தார். பிறகு காலடியில் கிடந்த வாளியை உதைத்தார். அது எகிறி ஏரிக்குள் விழுந்தது. இரண்டு தூண்டிலையும் துடைத்துத் திரும்ப இறக்கினோம்.

கொஞ்ச நேரத்தில் மீன் அடித்தது. தூண்டில் தடி வளைந்து தண்ணீரைத் தொட்டது. அத்தான் தடியைப் பிடுங்கி ரீலைச் சுற்றத் தொடங்கினார். அதற்குள் நூலில் திரும்பவும் தெள்ளு சேர்ந்துவிட்டது. அது திரண்டு வந்து தடி நுனி வளையத்தில் தக்கைபோல இறுகியது. ரீல் அசையவில்லை. அவர் முறுக்கினார். கைப்பிடி முறிந்து கையோடு வந்தது. மீனோ கீழே இழுத்துக்கொண்டு போனது.

தடியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கூசியை வலக்கை முட்டியில் சுற்றினார். விடுங்கோ என்று நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. மீன் ஆழத்துக்குப் பாய்ந்தது. நூல் விரல்களின் சதைக்குள் இறங்கியது. ரத்தம் நூல் வழியே ஒழுகி அந்தப் பஞ்சைச் சிவப்பாக்கியது. படகு ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் கத்தியை எடுத்தேன்.

“வெட்டாதை. வெட்டினா உன்னை ஏரிக்குள்ளை தாட்டுப்போடுவன்.”

அவருடைய விரலில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. நான் வெட்டினேன்.

நூல் அறுந்த வேகத்தில் அவர் மல்லாந்து விழுந்தார். எழும்பினார். இடக்கையால் என் வாயில் குத்தினார். பல்லொன்று உடைந்து நாக்கில் கிடந்தது. நான் இயந்திரத்தின்மேல் விழுந்தபோது திரும்பவும் குத்தினார், கன்னத்தில், காதடியில். விழுந்த ஆளை அடிக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பிறகு பொல்லைத் தூக்கினார். மீனைப் பார்க்கிற அதே பார்வை. அந்த நேரம்தான் தன் கையில் தொங்குகிற விரலைக் கண்டார். பொல்லைப் போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டார். படகைக் கரைக்கு ஓட்டியது நான்.

ஆஸ்பத்திரியில் அவர் முந்திக்கொண்டார். மீன் இழுத்ததில் தடி என் முகத்தில் அடித்துவிட்டது என்று தாதியிடம் சொன்னார். என் வாய் வீங்கி மூடிக் கிடந்தது. தாதி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

விரல்களைத் தைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவர் நோக்குளிசை போட்டுக்கொண்டு மேலே போய்ப் படுத்தார். அக்கா என்னைக் குசினிக் கதிரையில் இருத்தினாள். பிரிட்ஜிலிருந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்துத் துவாயில் சுற்றிக் கன்னத்தில் வைத்தாள். தாடையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, எலும்பு விலகவில்லை என்றாள். நாளைக்கு இன்னும் வீங்கும், பிறகு மஞ்சளாகும் என்றாள். அவளுக்கு ஒன்றிலும் தடுமாற்றமில்லை. என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை.

“எந்தக் கையாலை அடிச்சவர்?” என்றாள்.

“இடக்கை.”

“அதாலைதான் தப்பினாய்.”

நான் அவளையே பார்த்தேன். அவள் காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினாள். மாரியில் பனியில் சறுக்கி விழுந்தேன் என்று எனக்குச் சொல்லியிருந்த காயம். அதற்கு முந்தி ஒருமுறை அலுமாரிக் கதவு இடித்தது என்றிருந்தாள், இன்னொருமுறை சுடுதண்ணீர் பட்டது என்றிருந்தாள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, கவனம் அக்கா என்று சொல்லிவிட்டுக் கீழே படுக்கப் போன ஆள் நான்.

கராஜுக்குள் போய்ப் படகிலிருந்த பொல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா மாடிப்படியில் குறுக்கே நின்றாள்.

“அவரை அடிச்சா பொலிஸ் பிடிச்சு நீ மறியலுக்குப் போவாய். பிறகு நான் இந்த வீட்டிலை அவரோடை தனிய. என்னை இங்கையிருந்து கூட்டிக்கொண்டு போ.”

அந்தப் பின்னேரமே ஒரு பையோடு புறப்பட்டோம். போனது வெக்ஸ்போர்ட் பக்கம், என்னோடு வேலைசெய்த ஒருவரின் அப்பார்ட்மென்றுக்கு. அவரும் மனைவியும் தங்கள் அறையை எங்களுக்கு விட்டுத் தந்தார்கள்.

அடுத்த நாள் காலமை அத்தான் வந்தார். எப்படி இடத்தைக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. கட்டுப்போட்ட கையாலேயே கதவில் அடித்தார். முதலில் அக்காவின் பேரைச் சொல்லிக் கெஞ்சினார், பிறகு கொல்லுவன் என்றார், பிறகும் கெஞ்சினார். கதவின் சங்கிலி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டது. நானும் நண்பரும் தோளைக் கொடுத்துக் கதவைத் தாங்கினோம். இடையில் அவருடைய குரலும் அடியும் நின்று, தையல் பிரிந்த நோவில் அவர் முனகுவது கேட்டது. பின்னால் அக்கா டெலிபோனில் பொலிசுக்குத் தன் பேரையும் விலாசத்தையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவரைக் கொண்டுபோனார்கள். அக்காவுக்குக் கிட்ட வரக்கூடாது என்று கோர்ட் சொன்னது. அவருடைய இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை என்று கேள்வி. அக்கா வெக்ஸ்போர்டிலேயே வேலை எடுத்து, தனி அப்பார்ட்மென்றுக்குப் போனாள்.

அன்று பொலிஸ் அவரைக் கொண்டுபோன பிறகு அக்கா ஒரு வாளி சுடுதண்ணீரோடு வெளியே வந்து, கதவில் வழிந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். நான் அவள் கையிலிருந்த துணியை வாங்கப் பார்த்தேன். அவள் தரவில்லை.