சீராக வந்த அஞ்சு மார்க்

மர்கிலானில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த ஹுமோரா, பட்டு நெய்கிற ஷோகிரின் நடுமகள். அம்மா வழியில் பார்த்தால் குவா பக்கத்து மாதுளைத் தோட்டக்காரர்கள். அந்த வம்சத்துப் பெண்கள் அதிகம் பேசமாட்டார்கள், பேச ஆரம்பித்தால் விடமாட்டார்கள். இதையெல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிக்கவில்லை. ரொட்டி சுடத் தெரியுமா, விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்குவாளா என்று கேட்டார்கள். மருத்துவச்சிப் படிப்பில் கடைசி வருஷம் என்று பெண்ணின் அம்மா சொன்னபோது, "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று சிரித்தார்கள். பெண்ணோடு ஒரு ஆட்டுக்குட்டியும் வருகிறது என்று சொல்லியிருந்தாலும் இதே சிரிப்புதான் சிரித்திருப்பார்கள்.

கடைசிப் பரீட்சை ஜூனில். கல்யாணத்தையும் ஜூனிலேயே வைத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிறவர், அவருக்கு அப்போதுதான் லீவு. மண்டபமும் அப்போதுதான் கிடைத்தது.

"பரீட்சை வருஷா வருஷம் வரும். இந்த மண்டபம் வருமா?" என்றாள் மாமியார் ஹோசியத்.

நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் புது மருமகளுக்கு 'அடுத்த வருஷம்' என்றால் என்ன என்று ஹுமோராவுக்குத் தெரியும். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, புத்தகம் அடுப்பெரிக்க. அவள் பெரிய சித்தி மகள்கள் இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். இந்த ஜூனில் எழுதவில்லை என்றால் எப்போதும் இல்லை.

கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கென்று காலேஜில் ஒரு கூட்டம் வேறு போட்டார்கள். வாழ்க்கை மாறும்போது படிப்பில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று பேச தாஷ்கண்டிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, பார்த்தாலே தெரிந்தது. "உங்களுக்கென்று அமைதியான ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் யாரும் குறுக்கிட அனுமதிக்காதீர்கள்" என்றான்.

"மாமியாரையுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்" என்றான். பெண்கள் கை தட்டிய தட்டலில் அவன் நெகிழ்ந்தே போனான்.

மாப்பிள்ளை எல்யோர் என்பவனும் அந்த ஜாதிதான். செல்போன் கடை வைத்திருந்தான், ஆளில்லாத நேரமெல்லாம் முன்னேறுவது எப்படி என்று வீடியோ பார்ப்பான். கல்யாணமான மறுநாளே ஆரம்பித்தான். "ஹுமோரா, வாழ்க்கையில சமநிலைதான் முக்கியம். மூச்ச உள்ள இழு. நாலு எண்ணு. மெதுவா விடு. மனசு அப்படியே குளம் மாதிரி ஆயிடும்."

"சரிங்க."

"அப்படியே ஒரு டீ கொண்டா. போன தடவ கொஞ்சம் வெளிறிப் போயிருந்துச்சு."

கல்யாணமாகி நாற்பது நாளைக்குப் புதுப்பெண் தனியாக வாசல் தாண்டக்கூடாது. கெட்ட கண், கெட்ட காற்று எல்லாம் அவளுக்காகவே காத்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் என்ன வாழ்ந்தது? பார்க்க வருகிற கூட்டம் ஓயாது. ஒவ்வொருத்தர் முன்னாலும் முக்காட்டை இறக்கிவிட்டு நின்று, கையை நெஞ்சில் வைத்து மூன்று முறை குனிய வேண்டும். அவர்கள் ஆசி சொல்லி, துணியோ தட்டோ சீர் கொடுத்து, முகம் பார்ப்பார்கள். பிறகு அவள் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது, நிமிரக்கூடாது. முக்காடு மடிவரை தொங்கும்.

அந்த முக்காட்டைப் பார்த்துத்தான் ஹுமோராவுக்கு யோசனை வந்தது. தாஷ்கண்டு பையன் சொன்ன அமைதியான அறை இதைவிட வேறு எங்கே கிடைக்கும்? புத்தகத்தை மடியில் விரித்து மேலே முக்காட்டை விட்டாள். பட்டு மெல்லியது, வெளிச்சம் உள்ளே வந்தது. வந்தவர்கள் அல்வாவைத் தின்றுகொண்டு ஊர்க் கதை பேச, அவள் உள்ளே பிரசவ வலியின் மூன்று நிலைகளைப் படித்தாள். பக்கம் திருப்ப வேண்டும் என்றால் ஒரு தும்மல்.

"என்ன அடக்கம், என்ன அடக்கம்! தலையே தூக்கல பாத்தியா?" என்றார்கள் வந்தவர்கள். "பாவம், ஜலதோஷம் மட்டும் விடவே மாட்டேங்குது."

ஹோசியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் தங்கள் மருமகள்களை இழுத்துக்கொண்டு வந்து, "பாரு, இப்படி உக்காரணும்" என்று காட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் பரீட்சைப் பேச்சை எடுத்தால் மட்டும், "நாப்பது முடியட்டும் பாப்போம்" என்பாள். நாற்பது முடியும்போது பரீட்சையும் முடிந்திருக்கும்.

கெடுத்தவளும் கரோமத் அத்தைதான், கொடுத்தவளும் அவள்தான். ஹோசியத்தின் புருஷனுக்கு மூத்தவள். ரிஷ்தானில் மண்பாண்டம் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கே திரும்பியவள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்திலும் புதுப்பெண் குனியும்போது பக்கத்தில் நின்று, உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி 'சலாம்' பாடுவது அவள்தான். தொண்டை அப்படி. நான்கு பெரியவர்கள் வரிசையாக, முன்னால் மேஜைத் துணியும் பழமும் டீயுமாக உட்கார்ந்துவிட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு நாள் மத்தியானம் விருந்தாளி யாருமில்லை. ஹுமோரா அசந்து போய் முக்காட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். அத்தை சும்மா வந்து முக்காட்டைத் தூக்கினாள். மடியில் பக்கம் நிறைய படம். வயிற்றுக்குள் தலைகீழாகச் சுருண்டு கிடக்கிற குழந்தை.

ஹுமோராவுக்கு உயிரே போய்விட்டது. அத்தை படத்தைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அடி என் தங்கமே! இத்தனை நாளும் உள்ள உக்காந்து புள்ள வரமா கேட்டுகிட்டிருந்த?"

ஹுமோரா வாயைத் திறந்தாள். குவா ரத்தம் அவளை மூடச் சொன்னது. மூடிக்கொண்டாள்.

"ஹோசியத்! ஏ ஹோசியத்! இங்க வந்து பாரு, உன் மருமக பேரனுக்காகப் புஸ்தகம் ஓதுறா! இந்தப் புஸ்தகம் எங்க கெடைக்கும் புள்ள?"

"எங்க காலேஜுலதான் பெரியத்தை. அங்க மஸ்துராம்மானு ஒருத்தங்க இருக்காங்க. மர்கிலான் புள்ளைங்க பாதி அவங்க கையிலதான் பொறந்துச்சு."

"அப்ப அந்தக் கையால ஒரு ஆசி வாங்கிட்டா போதுமே!" என்றாள் அத்தை. "எப்ப போனா பாக்கலாம்?"

"செவ்வாய்க்கிழமை காலையில இருப்பாங்க," என்றாள் ஹுமோரா. பரீட்சை செவ்வாய்க்கிழமை காலையில்தான். அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

ஆனால் போனால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகள் நசோகத் என்று ஒருத்தி. முந்தின வருஷம் அவள் அப்பா பரீட்சை வைக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய சட்டி பலாவ் சோறு கிண்டிப் போட்டு அவளுக்கு அஞ்சு மார்க் வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் மார்க் கிடையாது. முதல் பிரசவத்தில், வலியெடுத்தவள் கத்துவதற்கு முன்னால் நசோகத் மயங்கி விழுந்தாள். இன்றுவரை தெருவில் அவளுக்கு 'பலாவ் அஞ்சு' என்றுதான் பேர். பட்டு மேல் பட்டு உடுத்திக்கொண்டு போனாலும் எந்த வீட்டிலும் அவளைக் கூப்பிடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். கெட்ட கண் படாமலிருக்க ஹோசியத் கையில் ரொட்டி. அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு உடுத்தியிருந்தாள். எல்யோர் காரில் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது, "மூச்சு, ஹுமோரா, மூச்சு" என்றான்.

காலேஜில் கதவைத் திறந்தால், பரீட்சைக்காரர்கள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மஸ்துராம்மா, இரண்டு டீச்சர்கள், ஓரத்தில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிற கிழவர் யோதொர். முன்னால் வெள்ளை மேஜைத் துணி. பிள்ளைகள் அடுக்கி வைத்த செர்ரிப்பழம், இனிப்பு, டீக்கெண்டி, பூ. நடுவில் கேள்விச் சீட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன.

அத்தை அதைப் பார்த்தாள். அவ்வளவுதான். கதவில் சாய்ந்து குரலெடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டாள். ஆயிரம் குழந்தைக்குக் கை கொடுத்த தாய்க்கு எங்கள் மருமகளின் சலாம்! பக்கத்தில் வீற்றிருக்கிற ரோஜாக்கள் ரெண்டுக்கும் சலாம்! வெள்ளைத்தாடிப் பெரியவருக்கும் சலாம்!

ஹுமோராவின் முதுகு அவளைக் கேட்கவில்லை. பாட்டு விழுந்ததும் கை நெஞ்சுக்குப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் மும்மூன்று முறை குனிந்தாள். பரீட்சைக்காரர்கள் மட்டும் வேறு ஊரா? எழுந்து நின்று உள்ளங்கை விரித்து ஆசி சொன்னார்கள். டீச்சர் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்த புதுப்பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. நாலு பேரும் பையைத் தடவினார்கள். கிழவரிடம் ஒரு சீப்புதான் இருந்தது.

"யார் வீட்டு மருமகம்மா?" என்றாள் மஸ்துரா. "நம்ம ஹோசியத்தோடதா? உங்க தெருவுல பாதிப் புள்ளைங்க என் கையிலதானே பொறந்துச்சு! சரி, எங்க சீரா இத வச்சுக்கோ. அஞ்சு. போய் நல்லா இரு. அடுத்த பொண்ணு வரட்டும்."

"ஆமீன்!" என்றாள் ஹோசியத்.

ஹுமோரா நகரவில்லை. அவள் படுக்கிற மெத்தை சீராக வந்தது. குடிக்கிற கோப்பை சீராக வந்தது. அவள் முகத்தையே துணி கொடுத்துத்தான் பார்த்தார்கள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

"மஸ்துராம்மா, இது எனக்கு வேண்டாம். கேள்வி கேளுங்க."

"கொடுத்த சீர திருப்பிக் கொடுக்கிறதா?" என்று பின்னால் அத்தை முணுமுணுத்தாள். "நாக்க அடக்குடி, பெரியவங்க உக்காந்திருக்காங்க."

"நாளைக்கு வலியெடுத்தவ என்னக் கூப்பிடணும் பெரியத்தை. சீரு மார்க்கக் கூப்பிடமாட்டா," என்று சொல்லிவிட்டு ஹுமோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சீட்டை எடுத்தாள்.

குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் போகிறது. என்ன செய்வாய்?

சொன்னாள். முக்காட்டுக்குள் படித்ததெல்லாம் வரிசை பிசகாமல் வந்தது. நீர் பிரிய வைப்பேன், வயிற்றைத் தடவுவேன், ஊசி போடுவேன், நாடி பார்ப்பேன், தலைமாட்டைத் தாழ்த்துவேன். கை இரண்டையும் காற்றில் வைத்துச் செய்தே காட்டினாள். மஸ்துரா செர்ரியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிழவர் யோதொர் சீப்பால் தாடியைச் சீவிக்கொண்டே கேட்டார். "எல்லாம் செஞ்சே மகளே. டாக்டரக் கூப்பிட்டியா?"

ஹுமோரா கையை இறக்கினாள். கூப்பிடவில்லை. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். புத்தகத்தில் முதல் வரியே அதுதான். ஆனால் அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து பெருக்குவது அவள், சுடுவது அவள், ஊற்றுவது அவள், கழுவுவது அவள். ஒரு ஆளைத் துணைக்குக் கூப்பிடலாம் என்கிற நினைப்பே அற்றுப் போயிருந்தது.

"இல்ல," என்றாள்.

"அப்ப நாலு," என்றார் கிழவர்.

வழியெல்லாம் காரில் ஒப்பாரி. "கைக்கு வந்த அஞ்ச வீசிட்டு நால வாங்கிட்டு வர்றாளே! எவளாவது செய்வாளா?" என்றாள் ஹோசியத். எல்யோர், "மூச்சுப் பயிற்சி செய்யலியா?" என்று கேட்டான்.

"செஞ்சேங்க. வீட்டுக்குப் போனதும் டீ நீங்க போடுங்க," என்றாள் ஹுமோரா. கார் ஒரு தடவை குலுங்கியது. அவன் போட்ட டீ வெளிறித்தான் இருந்தது, அவள் முழுசாகக் குடித்தாள்.

தெருவில் அத்தை இந்தக் கதையைச் சொல்லாத வீடில்லை. இவளைத் திட்டத்தான் சொன்னாள். கேட்ட பெண்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். இனாமாக வந்த அஞ்சை விட்டுவிட்டுக் கேட்டு வாங்கிய நாலா? அப்படியென்றால் அந்த நாலு அசல். 'நாலு மார்க் ஹுமோரா'வைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது.

கரோமத் அத்தையின் மகள்வழிப் பேத்தி ரிஷ்தானிலிருந்து பிரசவத்துக்கு வந்தபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன்பே வீட்டில் வலி முற்றிவிட்டது. கரோமத் அத்தை கதவருகே ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னால் ஹோசியத்தும் அவள் மகனும். "பாத்துடி, இதுலயாவது அஞ்சு வாங்கு."

ஹுமோரா கையைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். "என்னங்க, ஆம்புலன்சக் கூப்பிடுங்க. அத்தை, வெந்நீர் கொண்டாங்க. பெரியத்தை, ரொட்டிய வச்சிட்டு வந்து இவ கைய பிடிங்க. பாடாதீங்க."

மூன்று பேரும் ஓடினார்கள்.