யாராவது பிளாஸ்டிக்கைப் பிரிச்சீங்களா?

மலேசியாவில் தமிழ் நாவல் எழுதுகிறவருக்கு எழுதுவதுதான் இருப்பதிலேயே லேசான வேலை. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். நீங்களும் சொந்தமாகப் புத்தகம் போட்டு, வீட்டு ஹாலில் பெட்டி பெட்டியாக அடுக்கி, அதன் மேலேயே துணி மடித்து வைக்கிற ரகம் என்றால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

நான் கிள்ளான்காரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் கிளார்க். லோரிக்காரர்களோடு தினமும் போனில் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் லோரி ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றியே நாவல் எழுதிவிட்டேன். அவள் பெயர் கமலா. அப்பா விட்டுப்போன லோரியை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் ஒருநாள் வந்து நின்று சாவியைக் கேட்கிறான். கொடுத்தாளா இல்லையா, அதுதான் கதை.

புகழ், பொன்னாடை இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் உண்மையான ஆசை ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர் இல்லாத, ஆபீஸ் ஆள் இல்லாத, முன்பின் தெரியாத யாராவது ஒருத்தர் கதையை முழுசாகப் படித்துவிட்டு என்னிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டும்.

பூ வைத்த டிரைவர்

அட்டைப்படம் போட்டவர் சுங்கை பூலோவில் இருக்கும் சேகர் அண்ணே. கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுவதில் கெட்டிக்காரர். முதல் படத்தில் என் கமலா பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்து, லோரி மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். முதலிரவுக்கு லோரியிலேயே போகிற மாதிரி இருந்தது. "அண்ணே, இவ விடியறதுக்கு முன்னாடி கன்டெய்னர் ஏத்தப் போறவ. டி-சட்டை, தொப்பி போடுங்க" என்று தலையால் தண்ணி குடித்தேன்.

மறுநாள் புதுப் படம் அனுப்பினார். டி-சட்டை இருந்தது, தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே மல்லிகைப் பூவும் அப்படியே இருந்தது. போன் போட்டுக் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தொப்பி கேட்டீங்க, தொப்பி போட்டாச்சு. பூவை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க அக்கா, பூ இல்லன்னா மலாய் புக்குன்னு நெனச்சுத் தாண்டிப் போயிடுவாங்க லா!"

யார் டிபார்ட்மென்ட்?

அச்சகத்து முதலாளி ஒரு சீனர். எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கோயில் நோட்டீஸ் அடித்து அடித்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. என் நேரம், புத்தகத்தை வெளியிட வருகிற பிரமுகருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காலியாக இருந்தது. அதற்காக எல்லா வேலையும் அவசர அவசரமாக நடந்தது. மெஷின் பக்கத்தில் போய் நின்றால் எனக்குப் பிரசவ வார்டு வாசலில் நிற்பது மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். மை வாசனையை மூக்கு முட்ட இழுத்துக்கொண்டே, "தவுக்கே, பக்கம் கிக்கம் மாறிடாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பயப்படாத அக்கா, பக்க நம்பர் நாங்க பாத்துக்குவோம். கதை புரியலன்னா அது உங்க டிபார்ட்மென்ட்."

பிரிக்ஃபீல்ட்ஸ் மேடையில்

நம் ஊரில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தராக மேடையேறி, பணம் வைத்த உறையைக் கொடுத்து, பிரமுகர் கையால் புத்தகத்தை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, இறங்கி, மீகூன் சாப்பிடப் போவார்கள். புத்தகம் பளபளவென்று பிளாஸ்டிக் உறையில் ஒட்டி இருக்கும். எவரும் அதைப் பிரிப்பதில்லை. பிரமுகர்கூட பிளாஸ்டிக்கோடு கையில் பிடித்தபடி, அட்டையை மட்டும் பார்த்தே அரைமணி நேரம் பேசினார். மல்லிகைப் பூவைப் பற்றிப் பத்து நிமிடம்.

எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது! வரிசை வாசல்வரை போயிருந்தது. என் புத்தகத்துக்கு வரிசை! கால் தரையில் பாவவில்லை. இத்தனை பேரும் இன்று ராத்திரியே கமலாவைப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனேன். வரிசையில் வந்த ஓர் ஆன்டியிடம் ஆசை ஆசையாகப் புத்தகத்தை நீட்டி, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். ஆன்டி பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல் என் காதில் சொன்னார். "புக்கைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிம்மா, என் அட்டிகை மறையுது!"

சாவியோடு நின்ற கை

விழா முடிந்து ரெண்டு வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில் துணி காயப்போட்டுவிட்டு, என் கதையை நானே ஒருமுறை ரசிக்கலாம் என்று ஒரு பிரதியைப் பிரித்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். அண்ணன் கையை நீட்டுகிறான். கமலா சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை! கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம்.

ஹாலில் இருந்த பெட்டிகளை உடைத்துப் பார்த்தேன். சிலதில் இருந்தது, சிலதில் இல்லை. தவுக்கேக்குப் போன் போட்டால் பாவம், அவரே ஆடிப்போய்விட்டார். தேடிப் பார்த்ததில், கடைசிப் பகுதி ஒரு கட்டு மேசைக்கு அடியில் கிடந்திருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் மேடையில் யார் கைக்கு எந்தப் புத்தகம் போனதோ, யாருக்குத் தெரியும்? நான் தலையில் கையை வைத்துக்கொண்டு குய்யோ முறையோ என்று கத்த, என் வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்தார். "ஏன் தேவி கத்துற? ரெண்டு வாரமாச்சு, ஒருத்தராவது போன் பண்ணாங்களா? தப்பிச்சோம்னு நெனச்சுக்கோ."

வாழ்த்து மழை

தப்பிச்சோமா? அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. கதையின் முடிவே இல்லாமல் புத்தகம் ஊரெல்லாம் போயிருக்கிறது, ஒரு குஞ்சுகூட "மீதி எங்கே?" என்று கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. புத்தகத்தை மாற்றிக் கொடுப்பது ரெண்டாவது. கேட்கிற அந்த ஒருத்தரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இலக்கிய வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் போட்டேன். "என் நாவலில் சில பிரதிகளில் கடைசிப் பதினாறு பக்கங்கள் விடுபட்டுள்ளன. உங்கள் பிரதியைப் பார்த்துச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்." அனுப்பிவிட்டுப் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிங், டிங் என்று வந்து குவிந்தது. கும்பிட்ட கை, ரோஜாப்பூ, குத்துவிளக்கு. யாரும் அறிவிப்பைக்கூடப் படிக்கவில்லை! அதில் ஒரு பெரியவர் மட்டும் மெனக்கெட்டுத் தட்டச்சு செய்திருந்தார். "மிகச் சிறப்பு அம்மா. மேலும் பல நூல்களை இதுபோலவே வெளியிட வாழ்த்துகள்."

கண்ணாடி அலமாரி

சரி, நேரிலேயே போவோம் என்று, மேடையில் அட்டிகையோடு நின்ற அந்த ஆன்டியின் விலாசத்தை விசாரித்து சுபாங் ஜெயாவுக்குப் போனேன். வாசலிலேயே கையைப் பிடித்து, "எழுத்தாளரே வந்துட்டாங்க!" என்று உள்ளே கூட்டிப்போனார். முறுக்கு வந்தது, குடிக்க மைலோ வந்தது. உண்மையிலேயே தங்கமான மனுஷி. ஹாலில் பெரிய கண்ணாடி அலமாரி. பேரப்பிள்ளைகளின் கோப்பைகளுக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில், என் கமலா பூவும் தொப்பியுமாக நின்றாள். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை.

"ஆன்டி, பிரிச்சுப் பாக்கலையா?" என்று மெல்லக் கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி பதறிவிட்டார். "பிரிச்சா தூசி படியுமேம்மா! உன் புக்கை எவ்ளோ பத்திரமா வச்சிருக்கேன் பாரு, நீயே மெச்சுவ."

கிள்ளான் கடையில்

கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர் நிச்சயம் படிப்பார் என்று அடுத்த கணக்குப் போட்டேன். கிள்ளானில் தெரிந்த கடை ஒன்றில், பஞ்சாங்கத்துக்கும் சூடத்துக்கும் நடுவில் என் நாவல் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே போய், ஊதுபத்தி வாங்குகிற மாதிரி நோட்டம் விட்டேன். ஓர் அம்மா என் புத்தகத்தைக் கையில் எடுத்தார்! திருப்பினார்! பின்னட்டையை வாய்விட்டுப் படித்தார்! எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போல இருந்தது. இருக்கிற வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கிட்டே போய், "அது நான் எழுதுனதுதாங்க" என்றேன்.

அந்த அம்மாவும் மலர்ந்து போனார். "அப்படியா! ரொம்ப சந்தோஷம் டீச்சர். இது பிள்ளைங்க எஸ்.பி.எம். சோதனைக்கு வருமா?"

சோற்றுப் பொட்டலமும் ஒரு போனும்

அடுத்த வாரம் ஆபீஸில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் வாயை எடுத்து வைக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் குரல் பொரிந்தது. "லோரி கதை எழுதுனது நீங்கதானா அக்கா? நல்லா இருக்கா உங்களுக்கே? சாவியை எடுத்தா, சரி. குடுத்தாளா இல்லையா? இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போறதுக்கு எதுக்கு எழுதுறீங்க? ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல!"

ஐயோ, என் சாமி! சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. "நல்லா திட்டுங்க, இன்னும் திட்டுங்க" என்கிறேன். அந்தப் பெண் குழம்பிப்போய், தன்னைப் பற்றிச் சொன்னாள். பெயர் மாலதி. கேரி தீவில் செம்பனை எண்ணெய் ஆலை கேன்டீனில் சமைக்கிறாள். பிரமுகர் யாரோ விழாவில் மொத்தமாக வாங்கியதைக் கோயில் கோலப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். முன்பக்கத்தில் இருந்த என் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். முடிவைப் போனில் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பக்கங்களை நானே கொண்டு வருகிறேன் என்றேன். நான் குதித்த குதியைப் பார்த்து ஆபீஸே எனக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது என்று நினைத்தது. மாலதி போனை வைக்கிறதுக்கு முன்னால், என் தலை ரொம்பக் கனத்துவிடக் கூடாது என்றோ என்னவோ, ஒன்று சொன்னாள். "உண்மைய சொல்லணும்னா அக்கா, நான் ஆசப்பட்டது ரைஸ் குக்கருக்குத்தான். அது மொத பரிசு, உங்க புக்கு மூணாவது."

கேரி தீவில் தீர்ப்பு

தவுக்கே மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்த பதினாறு பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் காரை ஓட்ட, பாலம் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போனோம். மாலதி வீட்டு ஹாலில் ஆறேழு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி படித்து அடுத்தவளுக்குக் கொடுத்து, புத்தகம் வீடு வீடாகப் போயிருக்கிறது. அதைக் கையில் வாங்கினேன். பிளாஸ்டிக் எப்போதோ போய்விட்டது. அட்டையில் மஞ்சள் கறை. பக்க நுனியெல்லாம் மடங்கி, ஓர் ஓரத்தில் குழந்தை கடித்த பல் தடம். நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

மாலதி சத்தமாகப் படித்தாள். ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். என் முடிவில், கமலா குடும்பம் உடையக் கூடாது என்று அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கொட்டுகிற மழையில் அழுதுகொண்டே நடந்து போகிறாள். அந்த மழையை நான் எழுதி எழுதித் திருத்தியிருக்கிறேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. படித்து முடித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "அக்காகிட்ட நீயே சொல்லு" என்று ஒருத்தி மாலதியை இடித்தாள்.

மாலதி பக்கங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "கோச்சுக்காதீங்க அக்கா. அவ்ளோ பெரிய லோரி ஓட்டுறவ, அழுதுகிட்டா நடந்து போவா? நாங்க பேசி வச்ச கதையில, பழைய பூட்டு சாவிய அண்ணன் கையில குடுத்துட்டு, அவன் திருப்பிப் பாக்குறதுக்குள்ள அவ லோரிய எடுத்துட்டு கிள்ளான் டோல்கேட் தாண்டிட்டா."

மறுபதிப்பு என்று ஒன்று வந்தால், அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் மறுபடியும் மேசைக்கு அடியிலேயே விட்டுவிடும்படி தவுக்கேயிடம் நானே கேட்டுக்கொள்ளப் போகிறேன்.