தேநீர் போட எழுந்து போனவர்

நான் படித்தது கணினி. வேலை கிடைத்ததோ ஒரு சுகாதார ஆய்வுக் குழுவில். தமிழ் பேசும் நோயாளிகள் அரச ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்தப்படுகிறார்கள், தங்கள் உடம்பைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்வது அந்தக் குழுவின் வேலை. ஒலிப்பதிவுகளைப் பத்திரப்படுத்தி ஒழுங்குபடுத்தத்தான் என்னை எடுத்தார்கள். தமிழில் நேர்காணல் எடுக்க ஆள் போதாமல் போனபோது என் கையிலும் ஒரு ரெக்கோடரைக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. கேள்விகள் வரிசையாக இருந்தன. நோயைப் பற்றி விளக்கியது யார்? எந்த மொழியில்? வேறு வழி இருப்பதாகச் சொன்னார்களா? முடிவு எடுத்தது யார்? வெள்ளவத்தையில் பஸ் ஏறுமுன் பற்றரி, சம்மதப் படிவம், குடை, தண்ணீர்ப் போத்தல் என்று மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வேன்.

அன்று போனது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டுக்கு. நேர்காணலுக்குச் சம்மதித்திருந்தவர் முப்பதுகளின் முடிவில் இருந்த ஒரு பெண். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். கணவர் கட்டாரில் சாரதி. பிள்ளைகள் இல்லை. கணவரின் தமக்கையோடு இருந்தார். மச்சாள் என்றுதான் அவரை அழைப்பார். அக்காவின் கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையோடு அதை எடுப்பதற்குத் திகதி கொடுத்திருந்தார்கள். கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் மச்சாள் லீவு போட்டுக் கூடப் போவார். கோட்டையில் ஓர் அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்பவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

முதல் கேள்வியை நான் முடிக்கவில்லை, அக்கா எழும்பிவிட்டார்.

"இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

"வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்."

"முதன்முதல் வீட்டுக்கு வந்திருக்கிறீங்க. வெறும் வாயோட அனுப்பேலாது."

"நீங்க கேளுங்கோ பிள்ளை," என்றார் மச்சாள். "அவளின்ட கேஸ் எல்லாம் எனக்குத்தான் தெரியும்."

அது உண்மைதான். மருந்தின் பெயர், ஸ்கேன் எடுத்த இடம், டொக்டர் சொன்னது எல்லாம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தேநீரும் பிஸ்கட்டும் வந்து சேர்ந்தபோது என் கேள்விகள் அநேகமாக முடிந்திருந்தன. நீங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

"மச்சாள் சொன்னதெல்லாம் சரிதான்," என்றார், அவர் சொன்னது எதையும் கேளாமலே.

வீட்டில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்தப் பதிவை எழுதினேன். எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைப் பக்கம் என்பதால் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, பின்னால் போய், திரும்பக் கேட்க வேண்டும். அப்படித் திரும்பக் கேட்டபோதுதான் மச்சாளின் குரலுக்குப் பின்னால் இருந்ததைக் கவனித்தேன். குழாயில் தண்ணீர் விழுந்தது. பால்மா டின்னின் மூடி திறந்தது. கரண்டி கோப்பையில் சுற்றியது. நேர்காணல் முழுவதிலும் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தச் சத்தங்கள்தான்.

கரண்டி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மச்சாள் சொல்லியிருந்தார்: "டொக்டர் ரெண்டு வழி சொன்னவர். கட்டியை மட்டும் எடுக்கலாம், இல்லாட்டிக் கர்ப்பப்பையோட எடுக்கலாம் எண்டு. பிள்ளை பெற யோசனை இருக்கோ எண்டும் கேட்டவர். இனி எங்க, வேண்டாம் எண்டு நான் சொல்லிட்டன்."

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை நேர்காணல் கொடுத்தவரிடம் கொண்டுபோய், முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஓம் என்று சம்மதித்தால்தான் அதைப் பயன்படுத்துவோம். குழுவின் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, அந்த இடத்தையும் வாசிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் வாசிக்கிறதுதான் வாசிக்கிறது," என்றார் அவர். "ஆனா ஒப்பரேஷனைப் பற்றி உன்ட அபிப்பிராயம் ஒண்டும் வாயில வரக்கூடாது. மச்சாளுக்கும் முதலே சொல்லிப்போடு. அவவை மடக்கிறதுக்குப் போகேல்ல நாங்கள்."

மச்சாளுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். டொக்டர் சொன்ன இரண்டு வழிகளும் அதில் வரும் என்றேன்.

"வாசியுங்கோ," என்றார். "நான் என்ன பொய்யே சொன்னனான்."

ஒப்பரேஷனுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. இந்த முறை காலி வீதிக் கடையொன்றில் உறிஞ்சிக் குடிக்கிற பால் பக்கற் மூன்றும் தின்னக் கொஞ்சம் பற்றிஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

"எங்கட வீட்டுக்கு வந்து எங்களுக்கே விருந்தோ?" என்று அக்கா சிரித்தார். குசினி அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

வாசித்தேன். குரலை மாற்றாமல், எந்த இடத்திலும் வேகம் கூட்டாமல் வாசிக்க முயன்றேன். அந்த இடம் தாண்டியதும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். பார்த்தது மச்சாளை.

"ரெண்டு வழியோ?"

"கட்டியை மட்டும் எடுத்தாத் திரும்ப வரக்கூடுமாம். பிறகு இன்னொருக்கா வெட்டோணும்."

"கர்ப்பப்பையை எடுக்கோணுமாம் எண்டுதானே எனக்குச் சொன்னீங்க."

"அதுதான் நல்லம் எண்டு நினைச்சன்."

"பிள்ளை வேணுமோ எண்டு கேக்கேக்க நான் பக்கத்திலதானே இருந்தன்."

"இருந்தாய். அவர் என்னைப் பாத்துத்தான் சிங்களத்தில கேட்டவர்." மச்சாள் பால் பக்கற்றின் உறிஞ்சியை வளைத்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு மாசமும் நீ அழுறதைப் பாத்துக்கொண்டு இருந்தவள் நான். திரும்பவும் ஓர் ஆசையைக் காட்டி உன்னை…"

அக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க படிச்சனீங்கதானே. எது நல்லம்?"

"அது எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா. சொல்லவும் கூடாது. ஆனா டொக்டரிட்ட நீங்களே திரும்பக் கேக்கலாம். தமிழில விளங்கப்படுத்தச் சொல்லியும் கேக்கலாம். அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"அப்ப நான் தனியப் போறன்."

"உன்ட சிங்களத்தோடயோ?" என்றார் மச்சாள்.

"மீன்காரனோட சண்டை பிடிக்கேக்க ஆர் வந்து மொழிபெயர்த்தது?"

"மீன்காரன் கர்ப்பப்பையைப் பற்றிக் கதைக்கிறேல்லையடி."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மச்சாள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த கிளினிக் நாளில், சும்மா கூட இருக்க வரமுடியுமா என்று அக்கா கேட்டார். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, ரெக்கோடரை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். டொக்டரின் அறைக்குள் அக்கா மட்டும் போனார். மச்சாளும் நானும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மச்சாள் அக்காவின் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு தாதி வெளியே வந்து, பக்கத்து வார்ட்டிலிருந்து தமிழ் தெரிந்த இன்னொரு தாதியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"கேட்டிருக்கிறாள்," என்றார் மச்சாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இவ்வளவு காலம் வந்திருக்கிறன். ஒருக்காலும் இப்பிடித் தமிழ் ஆளைக் கேக்கேல்ல."

அக்கா வெளியே வர நேரம் எடுத்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. டொக்டர் பேனையால் கீறிய படம்: பேரிக்காய் மாதிரி ஓர் உருவம், அதன் ஓரத்தில் ஒரு வட்டம்.

மச்சாள் எழுந்து நின்றார். "என்னவாம்?"

"கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லிட்டன். திரும்ப வரலாமாம். பிள்ளை கிடைக்கும் எண்டும் சொல்லேலாதாம். எல்லாம் சொன்னவர்." மூச்சு வாங்கிக்கொண்டார். "திகதி மாறுமாம்."

கன்ரீனுக்குப் போனோம். உட்கார்ந்த உடனேயே மச்சாள் எழும்பினார். "இருங்கோ, தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்."

அக்கா அவருடைய கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க இருங்கோ மச்சாள். டொக்டர் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லோணும். தங்கச்சி எடுத்துக்கொண்டு வரட்டும்."

நான் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நிறையப் பேர் நின்றார்கள். அங்கிருந்து பார்க்க அவர்களுடைய மேசை தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அக்கா அந்தக் காகிதத்தை மேசையில் விரித்து, வட்டத்தின் மேல் விரலை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னார்.

என் முறை வந்தது. மூன்று தேநீர் என்றேன், ஒன்று சீனி குறைத்து.