டிரஸ்ஸரை யாரும் எழுப்பவில்லை

"தூக்கத்திலேயே போயிட்டாருங்கண்ணே. நல்ல சாவு" என்று பிரிக்பீல்ட்ஸ் சரக்குக் கொட்டகைக்கு வந்து சொன்னான் சின்னப்பன். டிரஸ்ஸர் ஆரோக்கியசாமியின் பக்கத்து அறைக்காரன். நல்ல சாவாம்! கையிலிருந்த மூட்டைக் கொக்கியை அவன்மேல் வீசாமல் விட்டது என் பொறுமை.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "சாந்த சொரூபி" என்று பேசியபின் சும்மா இருக்க முடியவில்லை. சாந்தமா? அவர் வாயைத் திறந்தால் எங்கள் லைன் வரிசை வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கிள்ளான் பக்கத்துத் ரப்பர்த் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்க டிரஸ்ஸராக மருந்து கொடுத்து, காயம் கட்டி, ஓய்ந்தபின் இங்கே ஒற்றை அறையில் குடியேறியவர். அபின் அளவு மிஞ்சி எவன் விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டோம்.

என் மனைவியின் தம்பி முனியன் அப்படி விழுந்தவன்தான். ஒரு மத்தியானம் குறட்டை விட்டுக் கிடந்தான். "அலுத்துப் போய் தூங்குறான், எழுப்பாதீங்க" என்றாள் என் மனைவி. டிரஸ்ஸர் வாசலில் நின்றே கேட்டார். ஒரு குறட்டை, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. உள்ளே வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். விட்டார் ஓர் அறை.

"ஐயோ, அடிக்காதீங்க!"

"அழுவுறதா இருந்தா வெளியே போ. இவன் தூங்கினா செத்தான்."

பாலில்லாத கட்டங்காப்பியை அவன் வாயில் ஊற்றினார். எங்கள் இருவர் தோளில் அவனைத் தொங்கவிட்டு, வெயில் சாயும்வரை வாசலில் நடக்கவைத்தார். கால் துவண்டபோதெல்லாம் முறுக்கிய ஈரத் துண்டால் முதுகில் அடித்தார். கடைசியில் முனியன் கண்ணைத் திறந்து, டிரஸ்ஸரின் தாயை இழுத்து அசிங்கமாகத் திட்டினான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திட்டிட்டான்லா. பொழைச்சிக்குவான். காப்பி மிச்சமிருந்தா எனக்கும் குடு."

அன்று குடித்துக்கொண்டே சொன்னார்: "நான் வேலைக்குச் சேந்தப்போ கெழவனுங்கதான் சாவானுங்க. வருசக் கணக்கா அபினைச் சண்டுவாப் பொகைச்சு, மெதுவா. அப்புறம் சர்க்கார் அபின் கடையில வெலை ஏறிச்சு. காசில்லாதவன் சண்டுக் குழாயில ஒட்டின கரியைச் சுரண்டி வாங்கிக் காப்பியில கலக்கி முழுங்குனான். இப்போ ரப்பர் வெலை விழுந்து வேலை போச்சா, மீசை மொளைக்காதவனெல்லாம் படுக்குறான். கேட்டா வீட்டுல காய்ச்சல்ங்கிறாங்க. நல்லா வந்துச்சுடா காய்ச்சல்!"

கடைசிக் காலத்தில் அவருக்கே தீராத வயிற்று வலி. அதே கரியை அவரும் காப்பியில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும். அவரிடம் போய்க் கேட்க எவனுக்குத் துணிச்சல்?

அவர் செத்த அன்று என்ன நடந்தது என்று சின்னப்பனை உலுக்கிக் கேட்டேன். மத்தியானம் அறையிலிருந்து குறட்டை கேட்டதாம். விட்டுவிட்டுக் கேட்டதாம். "ஐயா பாவம், வலியில ராத்திரியெல்லாம் தூங்கல" என்று பெண்கள் பிள்ளைகளை அதட்டி அடக்கினார்களாம். யாரோ கதவைக்கூடச் சாத்திவிட்டார்களாம்.

விசாரித்தால், சாத்தியவன் முனியன். அடித்து எழுப்பப்பட்டதால் உயிரோடிருக்கிற அதே முனியன்.

"உனக்குமா தெரியலை அந்தக் குறட்டை?" என்றேன்.

"தெரிஞ்சிச்சு மச்சான்." தலை குனிந்தான். "ஆனா நம்ம டிரஸ்ஸராச்சே. அவர்மேல எப்படிக் கை வைக்கிறது?"

மரியாதை! தோட்டத்திலும் லைனிலும் எத்தனை பேரை அவர் அறைந்து எழுப்பியிருப்பார். அவரை அறைய ஒரு கை இல்லை. அடக்கத்தின்போது முனியன்தான் எல்லோரையும்விட உரக்க அழுதான். தெய்வம் என்றான், தகப்பன் என்றான்.

அவருடைய துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். போன வாரம் செந்தூலில் ஒரு வீட்டில் அதே குறட்டை. "வேலையில்லாம அலைஞ்சிட்டு வந்தான், தூங்கட்டும்ணே" என்று அவன் தாய் குறுக்கே நின்றாள். அவளைத் தள்ளிவிட்டுத் துண்டை நனைத்தேன். என் கை வீங்கும்வரை அடித்தேன். பொழுது சாயும்போது அவன் கண் திறந்து என் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. டிரஸ்ஸரின் இரங்கல் கூட்டத்தில் பேசிய எவரும் அவ்வளவு நல்ல வார்த்தை பேசவில்லை.