ஒன்றுக்கு அடுத்து பத்து

ராஜபாளையத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே டோக்கன் எண்ணைத் திரையில் அழைக்கும் மென்பொருளை எழுதிய மகானுபாவன் நான்தான். முதல் நாள் அழகு பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் மில் சீருடையில் ஓர் அக்கா. ஒரு கண் செக்கச் சிவந்திருந்தது. கையில் இரண்டாம் டோக்கன். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். திரையோ ஒன்றுக்கு அடுத்து பத்தைக் கூப்பிட்டது, பிறகு பதினொன்றை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து முத பஸ்ஸுல வந்தேன். ரெண்டு எங்கம்மா?"

"கம்ப்யூட்டர் தப்பா கூப்பிடாதுக்கா, உக்காருங்க" என்றாள் கவுண்டர் பெண்.

பிழை எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. எண்ணை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்துத் தொலைத்திருந்தேன். அகராதி வரிசை மாதிரி, ஒன்றில் தொடங்கும் பத்து முதல் பத்தொன்பது வரை எல்லாம் முடிந்தால்தான் இரண்டு வரும். பதினாலாம் டோக்கன்காரர் உள்ளே போனபிறகே வாய் திறந்து அக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.

"என்ன படிச்சிருக்கீய?"

"இன்ஜினியரிங்க்கா. கணக்கே நாலு பேப்பர்."

"அம்புட்டுப் பேப்பர்லயும் ஒண்ணுக்குப் பொறவு ரெண்டுன்னு ஒருத்தரும் சொல்லித் தரலையா? ஷிஃப்டுக்கு நேரமாச்சு. இத நீங்களே வச்சுக்கோங்க."

டோக்கனை என் கையில் திணித்துவிட்டு, சிவந்த கண்ணோடு விறுவிறுவென்று போய்விட்டார்.

நேராக டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம் என்பது, ஒரே வரியில் பிழையைத் திருத்தி முடித்த பிறகுதான் இந்த மூளைக்கு உதித்தது.