மாதிரி அக்கா பிரதிநிதியான நாள்

தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பாள். "சர்க்கரை சரியா இருக்கா?" என்று கணவர் கேட்டால், "இருக்கிற மாதிரி தெரியுது" என்பாள். வெளியே கொட்டுகிற மழைகூட அவளுக்குப் 'பெய்யற மாதிரி'தான். நீர் ஆய்வகத்தில் மீனையும் தலைமுடியையும் கரைத்து, அதில் பாதரசம் எவ்வளவு என்று இருபத்திரண்டு வருடமாக அளந்து வருகிறாள். குப்பியில் வருவதும் மாதிரி, வாயில் வருவதும் மாதிரி. அதனால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் மாதிரி அக்கா.

அளவைப் பதிவேட்டில் எழுதி, உறையிலிட்டு மேலிடத்துக்கு அனுப்புவதோடு அவள் வேலை முடிந்தது. "அளக்கறது நம்ம வேலை. அளக்கறதை வெச்சு என்ன பண்றாங்கங்கறது அவங்க வேலை" என்பாள்.

ஒருநாள் வெளியே நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்கும் அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. மேலாளருக்குக் காய்ச்சல் வந்ததில் இவள் தலையில் விழுந்தது. கூடத்தில் வட்டமாக மேசைகள், மேசைக்கு ஒரு கற்பனை நாடு, அதற்கு ஒரு பிரதிநிதி. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் கூடி ஒப்பந்தம் எழுதுவது போல நடிக்க வேண்டும். விஞ்ஞானம் சொல்வது அரசுகளின் காதில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதற்காம். அக்காவுக்குக் கிடைத்த சீட்டில் இரண்டே வரி: உங்கள் நாட்டில் பாதரசம் கொண்டு தங்கம் பிரிக்கும் சுரங்கங்கள் அதிகம். காலக்கெடுவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

காலை முழுக்க அவள் மற்ற நாடுகள் பேசியதைக் குறிப்பெடுத்தாள். மதியம், விஞ்ஞானியாக நடித்த பள்ளி ஆசிரியை ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினாள். ஏரி மீன் சாப்பிடும் கர்ப்பிணிகளின் முடியில் இருந்த பாதரசம். புள்ளிகள் கூட்டமாகக் கிடக்க, ஒன்று மட்டும் உச்சியில் தனியாக நின்றது.

"குழந்தைங்க மூளையைப் பாதிக்கும். பாதரசத்தை மூணு வருஷத்துல நிறுத்தணும்" என்றாள் ஆசிரியை.

அக்கா கையைத் தூக்கினாள். "எத்தனை பேரோட முடி?"

"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொரு பேரை வெச்சு உலகத்துக்கே சட்டம் எழுதலாமா? முடியை வேர்ப்பக்கம் வெட்டினாங்களா, நுனியிலயா? நுனி பழைய கணக்கைத்தானே காட்டும்?"

"அது தெரியலைங்க."

"அந்தத் தனிப் புள்ளி கருவிக் கோளாறு மாதிரி தெரியுது. எடுத்துட்டு சராசரி போடுங்க."

ஆசிரியை தன் பட்டியலில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்தாள். சராசரி அபாய அளவுக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கியது. அது போதும் என்று மற்ற மேசைகளும் சேர்ந்துகொண்டன. ஒப்பந்தத்தில் 'மூன்று வருடம்' என்றிருந்த இடத்தில் 'மேலும் ஆய்வு தேவை' வந்து உட்கார்ந்தது.

"பொளந்து கட்டிட்டீங்க அக்கா" என்றார் பக்கத்து நாட்டுக்காரர், நிஜத்தில் வங்கி குமாஸ்தா. கூடமே கைதட்டியது. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது, உள்ளூர இனிக்கவும் செய்தது. ஆய்வகத்தில் இத்தனை வருடத்தில் அவளுக்கு யாரும் கை தட்டியதில்லை.

அப்போதுதான் பயிற்சியாளர் எழுந்தார். "நாடுகள்தான் கற்பனை. அளவெல்லாம் நிஜம். ஏரி பேரை மட்டும் மறைச்சோம்." அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஆய்வகம் அனுப்பினதுதான் மேடம். பார்த்ததுமே கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

அக்கா திரையை மறுபடி பார்த்தாள். எண்களாக எழுதிப் பழகியவள், அவற்றைப் புள்ளிகளாக ஒருநாளும் பார்த்ததில்லை. எழுந்துபோய் ஆசிரியையின் பட்டியலை வாங்கினாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் எண் தெரிந்தது.

அந்த முடி வந்த உறை ஞாபகம் வந்தது. மஞ்சள் நூலால் கட்டிய முடிக்கற்றை. ஓரத்தில் 'எட்டாம் மாதம்' என்ற எழுத்து. நம்ப முடியாமல் மூன்று முறை கரைத்து அளந்தாள். மூன்று முறையும் அதே அளவு. மாதிரி என்று சொல்லவே இடமில்லாத அளவு.

"இவங்க என்ன ஆனாங்க?" என்று பயிற்சியாளரிடம் கேட்டாள்.

"தெரியாது மேடம். மேலிடத்துலயும் 'மேலும் ஆய்வு தேவை'ன்னு எழுதி கோப்பை மூடிட்டாங்க."

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியை பட்டியலுக்காகக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. தாளை மேசையில் வைத்து, அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் அதே எண்ணை மறுபடி எழுதினாள். அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.